மஞ்சள் ஒட்டு இல்லாத குட்டி

சண்முகவடிவு ஜவுளி மாளிகையில் எல்லோரும் ஒரே குடும்பம். காலையில் கடை திறக்குமுன் தரைத்தளத்தில் வரிசையாக நின்று இதை உரக்கச் சொல்ல வேண்டும். தாமதமாக வந்தவர்கள் அன்று மதியம் வரை குடும்பத்தில் சேர்த்தி இல்லை. அரைநாள் சம்பளம் பிடிக்கப்படும்.

குடும்பத்தில் உட்காரும் வழக்கம் கிடையாது. தி. நகரில் அந்தக் கடைக்கு ஆறு மாடி. எல்லா மாடியிலும் வாடிக்கையாளருக்கு மெத்தை வைத்த இருக்கைகள் உண்டு. கடை ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி வெள்ளைத்துரை அண்ணாச்சி மனப்பூர்வமாக வரவேற்றார். மாடிக்கு நான்கு ஸ்டூல் வாங்கினார். மேலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்றார்.

"ஸ்டூலு வாங்கியாச்சு. சட்டம் திருப்திப்பட்டுட்டு. இனி நம்ம வேலையப் பாப்போம்."

தாரணி மூன்றாம் மாடியில் காட்டன் புடவைப் பிரிவில் நின்றாள். கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு வீடு. தை மாதம் அம்மா இறந்தபின் வீட்டில் அவள் மட்டும். ஆடித் தள்ளுபடி தொடங்கும் வாரத்தில் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தாள். டீக்கடைப் பொறை ரொட்டியின் நிறத்தில் இருந்தது. பொறை என்று பெயர் வைத்தாள். பொறை தின்ன அதற்குப் பல் இல்லை.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். பால் பவுடரும் ஒரு சின்ன பாட்டிலும் கொடுத்தார். "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடுக்கணும். விட்டா தாங்காது" என்றார்.

கடை காலையில் திறந்தால் இரவு மூடும். முதல் நாள் தாரணி குட்டியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். திரும்பியபோது அது மூலையில் சில்லென்று கிடந்தது. வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தபின் அசைந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று சொன்னாள். "காத்தாலேர்ந்து கத்திகினே இருந்துச்சு தாரணி. சாயங்காலம் கத்தல. அப்பதான் எனக்கு பயமாப்பூட்ச்சு."

மறுநாள் தாரணி மாடி மேலாளர் மகேஷின் முன் போய் நின்றாள்.

"சார், மதியானம் ஒரு மணி நேரம் வூட்டுக்குப் போய்ட்டு வரணும் சார். கொஞ்ச நாளைக்குத்தான்."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"குட்டிக்குப் பால் குடுக்கணும் சார்."

மகேஷின் முகம் மலர்ந்தது. "கல்யாணம் ஆயிடுச்சா? சொல்லவே இல்ல?"

"நாய்க்குட்டி சார்."

மகேஷ் யோசித்தார். அவர் எதையும் மறுக்குமுன் யோசிப்பார். அதனால்தான் மேலாளர் ஆனார்.

"நீ அதுக்கு என்ன உறவு?"

"நான்தான் வளக்கறேன் சார்."

"வளக்கறது உறவு இல்லம்மா. பெத்திருக்கணும், இல்ல கட்டியிருக்கணும். செத்துட்டா துக்கம்னு அரைநாள் போட்டுக் குடுக்கலாம். உயிரோட இருக்கறதுக்கு நான் என்னன்னு எழுதறது?"

விஷயம் பெரியது என்பதால் அண்ணாச்சியிடம் அழைத்துப் போனார். அண்ணாச்சியின் அறையில் அவருடைய அம்மா சண்முகவடிவின் படம் மாலையோடு இருந்தது. அண்ணாச்சி முழுவதும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏட்டி, எங்கய்யாவுக்கு நாங்க எட்டுப் பேரு. ஒரு நாளாவது கடைய விட்டுட்டு வந்து எங்களப் பாத்திருப்பாரா? சின்னப் பயலா இருக்கையில நானே கடைக்குப் போயி அவரு முன்னால நின்னேன். 'தம்பிக்கு என்ன வேணும்'னு கேட்டாரு. யாவாரத்துக்கு வந்தவன்னு நெனச்சிட்டாரு. எம்புட்டு மரியாத! அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், பெரியாளு ஆனா இவர மாதிரி ஆவணும்னு."

அவர் கண் கலங்கியது. மகேஷும் கலங்கினார்.

"என் மவன் அமெரிக்கால இருக்கான். போன் போடுதான். எடுக்க எனக்கு நேரம் இல்ல. போன வருசத்துலேர்ந்து அவனும் போடுததில்ல. பொறுப்பு வந்துட்டு. பெத்த பிள்ளைக்கே நாங்க இப்படி இருக்கோம். நாய்க்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?"

"இல்லீங்க" என்றாள் தாரணி.

அதற்கடுத்த நாள் பொறையைச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்து வந்தாள்.

ஊழியர் வாசல் பின்பக்கம். அங்கே காவலுக்கு நிற்பவர் ஹபீபுர் ரஹ்மான். திருவல்லிக்கேணிக்காரர். ஊழியர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு பொருளிலும் ஒரு வட்டமான மஞ்சள் ஒட்டு ஒட்டுவார். இரவு வெளியே போகும்போது ஒட்டு உள்ளது ஊழியருடையது. ஒட்டு இல்லாதது கடையுடையது. இந்த முறை வந்தபின் திருட்டு நின்றுவிட்டது. முன்பும் திருட்டு இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. தையல் பிரிவுப் பெரியவர் ஒருவர் பல்செட்டுக்கு ஒட்டு வாங்க மறந்து, ஒரு வாரம் கஞ்சி குடித்தார்.

தாரணியின் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை மூன்றுக்கும் ஹபீபுர் ரஹ்மான் ஒட்டு போட்டார். அடியில் துண்டுக்குள் தூங்கிய பொறையை அவர் பார்க்கவில்லை.

பொறை கவுண்டரின் கீழ் இழுப்பறையில், ரவிக்கைத் துணிகளுக்கு நடுவே படுத்தது. பக்கத்துக் கவுண்டர் புஷ்ரா எட்டிப் பார்த்தாள்.

"அடியே, உன் பிளவுஸ் பிட்டு மூச்சு வுடுது."

"கத்தாதடி. மாட்னா நானும் போவேன், அதுவும் போவும்."

பால் கொடுக்க ஒரே இடம் கழிப்பறை. அங்கே போக நாளுக்கு ஒரு டோக்கன். தாரணியின் டோக்கன் காலையிலேயே தீர்ந்தது. புஷ்ரா தன்னுடையதைக் கொடுத்தாள். பிறகு மாலை வரை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

"உன் புள்ளைக்காக நான் அடக்கிகினு நிக்கறேன். பெருசானா என்னக் கடிக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வெய்யி."

வாடிக்கையாளர் ஒருவர் இழுப்பறைக்குள் கையை விட்டு, "இது என்ன துணி, இவ்வளவு மெத்துனு?" என்று கேட்டார். "கடைசி பீஸ் மேடம், டேமேஜ்" என்று புஷ்ரா இழுப்பறையைச் சாத்தினாள். மற்றபடி அன்று குறை ஒன்றும் இல்லை.

கடை மூடியதும் ஊழியர் வாசலில் ஹபீபுர் ரஹ்மான் பையைத் திறந்தார்.

"இது இன்னாமா?"

"நாய்க்குட்டி பாய்."

"அது தெரியிது. ஒட்டு எங்க?"

"ஒட்டு இல்ல பாய். நான்தான் காலைல எட்தாந்தேன்."

"எட்தாந்தா நான் ஒட்டியிருப்பேன். ஒட்டல. அப்போ நீ எட்தார்ல."

"நம்ம கடைல நாய் விக்கறாங்களா பாய்?"

"அத நான் கேக்கக் கூடாதுமா. எனக்கு ஒட்டு இருக்கணும், இல்ல பில்லு இருக்கணும். ரெண்டும் இல்லாம என் சட்டைய நானே வெளிய போட்டுகினு போவ முடியாது." அவர் காலரைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள் ஒட்டு இருந்தது.

மகேஷ் வரவழைக்கப்பட்டார். குட்டியைத் தூக்கி வயிறு, காதின் உள்பக்கம், வாலின் கீழ் எல்லாம் பார்த்தார். ஒட்டு இல்லை.

"கடைக்குள்ள இருக்கு. ஊழியர் பொருள் இல்ல. அப்ப கடைப் பொருள்."

"அதுக்கு உசிரு கீது சார்!"

"பட்டும் புழுவோட உயிர்லேர்ந்துதான் வருது. அதுக்காக பில் இல்லாம விடறோமா?"

தாரணி அழுதாள். இரவு அங்கேயே இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கடை மூடியபின் ஊழியர் உள்ளே இருந்தால் அதுவும் கடைப் பொருளாகிவிடும் என்று மகேஷ் அக்கறையோடு எச்சரித்தார். பொறையைக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள்.

ஹபீபுர் ரஹ்மான் அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டார். "நைட் டூட்டியும் எனக்குத்தான். பால் குடுக்கக் கூடாதுன்னு ரூல் ஒண்ணும் இல்ல. நான் குடுக்கறேன். போம்மா."

மறுநாள் காலை பொறை கணினியில் ஏறியது.

கணினி ரகம் கேட்டது. பட்டு, காட்டன், சிந்தெடிக் மூன்றிலும் அடங்கவில்லை. மகேஷ் 'குழந்தைகள், ரெடிமேட்' என்று போட்டார். நிறம் பழுப்பு. பார்டர் வெள்ளை, வால் நுனியில் மட்டும். அளவு ஃப்ரீ சைஸ். சாயம் போகுமா என்று கேட்டது. ஈரத்துணியால் காதைத் தேய்த்துப் பார்த்து, போகாது என்று போட்டார். துவைக்கும் முறைக்குக் கையால் மட்டும். கடைசியில் ஒரு பார்கோடு வந்தது. அதை ரிப்பனில் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். இருப்பில் உள்ளது எதுவும் பார்வையில் இருக்க வேண்டும் என்பது கடையின் கொள்கை. இரண்டாம் மாடியில் குழந்தைகள் பிரிவின் கண்ணாடி மேடையில் பொறையை விட்டார்கள்.

மதியத்துக்குள் இரண்டாம் மாடியில் நிற்க இடமில்லை. பிள்ளைகள் நகர மறுத்தன. நகர வைக்கப் பெற்றோர் கவுன் வாங்கினார்கள்.

ஆனால் பொறை தரையில் விட்டால் கத்தியது. யார் மடியிலாவது இருந்தால் சும்மா இருந்தது. மடி வேண்டுமென்றால் உட்கார வேண்டும். அண்ணாச்சி நெடுநேரம் யோசித்து, ஒரு ஸ்டூலின் உறையைப் பிரிக்க அனுமதி கொடுத்தார். பிரிக்கும்போது நேரில் வந்து நின்று பார்த்தார்.

"சார், நான் பாத்துக்கறேன் சார்" என்று தாரணி ஓடிவந்தாள்.

"நீ கூடாது" என்றார் மகேஷ். "உனக்கு அதுமேல ஆசை இருக்கு. ஆசை இருக்கற பொருள்கிட்ட ஊழியரை நிறுத்தறதில்ல. பட்டு செக்ஷன்ல யாருக்காவது பட்டு பிடிக்குமா, கேட்டுப் பார். நாய் பிடிக்காதவங்க யாரு இங்க?"

புஷ்ரா உடனே கையைத் தூக்கினாள். "எனக்கு நாயப் பாத்தாலே கொமட்டும் சார்."

புஷ்ரா நியமிக்கப்பட்டாள். தாரணியை ஆறாம் மாடி வேட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டாம் மாடியில் அவள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு.

அதற்கடுத்த காலை குடும்பம் வரிசையில் நின்றபோது அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். பொறையை மகேஷ் உள்ளங்கையில் ஏந்தி நின்றார்.

"இந்தா பாருங்க. முந்தாநாளு வரைக்கும் இது தெரு நாயி. இன்னைக்கு இதுக்குப் பார்கோடு இருக்கு. ஒழைச்சா யாரு வேணாலும் முன்னுக்கு வரலாம். இது வந்ததுலேர்ந்து கவுனு யாவாரம் ரெண்டு பங்கு. ஒரு நாளாவது சம்பளம் கேட்டுச்சா? லீவு கேட்டுச்சா? கால் வலிக்குன்னு சொல்லிச்சா? வாரவுகளப் பாத்து வாலாட்டுது. போறவுகளப் பாத்தும் வாலாட்டுது. உங்கள்ல எத்தன பேரு போறவுகளப் பாத்து வாலாட்டுதீய? வெக்கமா இல்ல?"

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் காலை நிகழ்ச்சியில் ஒரு பகுதி.

பொறை மகேஷின் சட்டையில் மூத்திரம் பெய்தது. அவர் சிரித்த முகத்தோடு நின்றார். மைக் அணையவில்லை.

அன்று மாலை மயிலாப்பூரிலிருந்து விசாலாக்ஷி என்ற அம்மாள் வந்தார். பேரனுக்குப் பிறந்தநாள் சட்டை எடுக்க வந்தவர் கண்ணாடி மேடைக்கு முன் நின்றார்.

"இது என்ன விலை?"

"இது விக்கறதுக்கு இல்ல மேடம்" என்றாள் புஷ்ரா.

"விக்கறதுக்கு இல்லேன்னா எதுக்குக் கழுத்துல லேபிள் கட்டிண்டு ஒக்காந்திருக்கு?"

புஷ்ரா லேபிளை உள்பக்கமாகத் திருப்பினாள்.

"வூட்ல யாரு மேடம் பாத்துப்பாங்க? சின்னக் குட்டி. நேரா நேரத்துக்குப் பால் குடுக்கணும்."

"ஆத்துல எல்லாரும் வேலைக்குப் போறவா. பகல்ல பால்கனில கட்டிப் போட்டுடுவோம். தண்ணி வெச்சுட்டுப் போவோம். எதுக்கும் பழகிண்டுதானே ஆகணும்?"

மகேஷ் ஓடி வந்தார். கேட்டு வந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது சண்முகவடிவு அம்மாள் காலத்திலிருந்து வரும் வழக்கம். அண்ணாச்சிக்குப் போன் போனது. அண்ணாச்சி விலை சொன்னார். விசாலாக்ஷி அம்மாள் நாளை சாயங்காலம் பேரனோடு வருவதாகவும், பேரனுக்கு நிறம் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

புஷ்ரா ஆறாம் மாடிக்குப் படியேறினாள். லிப்ட் வாடிக்கையாளருக்கு. மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கு வித்துருவாங்கடி. பால்கனில கட்டிப் போடுவாங்களாம்."

தாரணி கையிலிருந்த வேட்டியை மடிக்காமல் போட்டாள். நேராக மகேஷிடம் வந்தாள்.

"அந்தக் குட்டிய நானே வாங்கிக்கறேன் சார்."

"ஊழியர் கொள்முதல் தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும்தான்."

"தீவாளிக்குள்ள அது இருக்காதே சார்."

"ஸ்டாக் உள்ளவரைன்னுதான் போட்டிருக்கும்."

"வேலைய வுட்டா?"

"வேலைய விட்டா நீ ஊழியர் இல்ல."

"அப்ப நான் இன்னா?"

மகேஷ் யோசித்தார். "பொதுமக்கள்" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் முதுகு தானாகச் சற்று வளைந்தது.

தாரணி மறுநாள் காலையிலேயே வேலையை விட்டாள். கணக்கு முடித்தார்கள். விலகுபவர்களுக்குப் பாக்கிச் சம்பளம் கடையின் கூப்பனாகத்தான் தரப்படும். அந்தக் கூப்பன் அந்தக் கடையில் மட்டும் செல்லும்.

"போனாலும் திரும்பி வரணும்லா? அதுக்குத்தான். இதுக்குப் பேருதான் பாசம்" என்றார் அண்ணாச்சி.

அவள் பின்வாசல் வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் அந்த வாசலில் அவள் நுழைந்ததில்லை. இரண்டு பெண்கள் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் நீட்டினார்கள். இருவரையும் அவளுக்குத் தெரியும். ஒருத்தி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள்.

மகேஷ் எதிரே வந்தார். அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் குவிந்தது.

"வாங்க மேடம். உக்காருங்க. என்ன சாப்பிடறீங்க, காபியா, ஜூஸா?"

தாரணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வேறு யாரும் இல்லை. மெத்தை இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஜூஸ் வந்தது.

"என்ன பாக்கறீங்க மேடம்?"

"நாய்க்குட்டி."

"என்ன கலர்ல?"

"பழுப்பு."

"சூப்பர் சாய்ஸ்."

லிப்டில் அழைத்துப் போனார். புஷ்ரா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். பொறையைக் கவுண்டர் மேல் வைத்தாள். பொறை தாரணியின் கையைக் கண்டதும் மோந்தது. பிறகு அவள் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பியது.

"நல்ல பீஸ் மேடம்" என்றாள் புஷ்ரா. "சாயம் போவாது. ஆனா பக்கத்துலயே இருக்கணும். தனியா வெச்சா வீணாப்பூடும்."

"இதே டிசைன்ல வேற காட்டவா மேடம்?" என்றார் மகேஷ்.

"வேணாம்."

கூப்பன் முழுவதும் போனது. கொஞ்சம் மீதி வர வேண்டும். கூப்பனுக்கு மீதி தருவதில்லை.

பொருள் தரும் இடத்தில் சிக்கல். விற்ற பொருளைப் பையில் போட்டு, வாயில் ஸ்டேப்ளர் பின் அடித்த பிறகே வெளியே விட வேண்டும். பின் அடிப்பவர் பொறையை மடிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"மூச்சு முட்டும்ணா."

"பின் அடிக்காம விட்டா என் வேலை போயிடும்மா."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மகேஷ் வந்து தீர்ப்புச் சொன்னார். தலை வெளியே. உடம்பு உள்ளே. இரண்டு பக்கமும் பின். முன்வாசல் காவலர் பில்லில் ஓட்டை போட்டு, பொறையின் தலையை எண்ணினார். ஒன்று. சரியாக இருந்தது.

கடைப்பையிலிருந்து ஒரு நாய்க்குட்டியின் தலை நீட்டிக்கொண்டிருப்பதைத் தெருவே பார்த்தது. தாரணி பனகல் பூங்காவுக்குள் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்களைப் பிரித்தாள். கழுத்து ரிப்பனை அவிழ்த்தாள். புஷ்ரா கொடுத்தனுப்பிய பாட்டிலில் பால் இருந்தது. பொறை குடித்தது. குடித்துவிட்டு அவள் மடியில் தூங்கியது. நாளையிலிருந்து எங்கே வேலை தேடுவது, அங்கேயும் குட்டி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வெயில் தாழும்வரை அங்கேயே இருந்தாள்.

மாலையில் போன் அடித்தது. மகேஷ்.

"மேடம், தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். உங்க பையைப் பாத்துட்டு ஜனங்க உள்ள வந்துக்கிட்டே இருக்காங்க. எல்லாரும் நாய்க்குட்டிதான் கேக்கறாங்க. மயிலாப்பூர் மேடம் பேரனோட வந்து உக்காந்திருக்காங்க. அண்ணாச்சி சூரத் ஜவுளி மார்க்கெட்ல கேட்டுப் பாத்துட்டாரு. இந்த ரகம் அங்க வர்றதில்லையாம். நீங்க எங்க எடுத்தீங்க?"

தாரணி மடியைப் பார்த்தாள்.

"எங்க வூட்டாண்ட ஆத்துப் பாலம் கீதே சார், அங்க. தாய லாரி அடிச்சிட்சு. செத்துப்போனது தெரியாம குட்டிங்க அது மேல வாய வெச்சுகினு கெடந்துச்சுங்க. நான் டூட்டிக்கு லேட்டாவுதுன்னு நிக்காம வந்துட்டேன். திரும்பப் போய்ப் பாக்கசொல்ல இது ஒண்ணுதான் மிச்சம் சார்."

மறுமுனையில் மகேஷ் யோசித்தார். கடையின் நாதஸ்வர இசை மட்டும் கேட்டது.

"ஒண்ணுதான் மிச்சம்னு முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா," என்றார் மகேஷ், "விலைய ஏத்தியிருப்போமே மேடம்."